சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் கையில்

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த மூளைத் திசுப் படத்தை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு அது சாம்பல் நிறக் கிறுக்கலாகத்தான் தெரியும். அதே வேலையில் பல ஆண்டுகள் ஊறிய உயிரியலாளர் பார்த்தவுடன் பிரித்துவிடுவார். இது மைட்டோகாண்ட்ரியா, இது செல்லைச் சுற்றிய சவ்வு, அந்தக் கறுப்புத் திட்டு சாயம் ஏற்றும்போது படிந்த அழுக்கு. எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் அவரிடம் நேரான விடை இருக்காது. ஓரம் இரட்டைக் கோடாக வரும், உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும், ஆனால் எப்போதும் அப்படி வராது என்று இழுப்பார். கண்ணுக்குத் தெரிந்தது வாய்க்கு வராது.

அவர் முன்னால் இருப்பதோ ஒரே ஒரு படமல்ல. திசுவை மிக மெல்லிய சீவல்களாக அறுத்து, ஒவ்வொன்றையும் படமெடுத்து அடுக்கினால் நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் சேரும். எல்லாவற்றிலும் சவ்வைக் கையால் வரைந்து முடிக்க மாதங்கள் ஆகும். விதியாக எழுத முடியாத இந்த அறிவை எடுத்துக்காட்டுகளாகக் காட்ட முடியும், காட்டினால் கணினி பிடித்துக்கொள்ளும் என்பதுதான் இயந்திரக் கற்றல் தரும் வாக்குறுதி.

அந்த வாக்குறுதி உயிரியலாளரின் மேசைவரை வந்து சேரவே நெடுங்காலம் பிடித்தது. பழைய நடைமுறை இப்படி இருந்தது. உயிரியலாளர் சில படங்களில் குறியிட்டுக் கணினித் துறை நண்பரிடம் கொடுப்பார். அவர் ஒரு வழிமுறையைத் தேர்ந்தெடுத்து, நிரல் எழுதி, பயிற்சி கொடுத்து, சில வாரங்களில் விடையோடு வருவார். உயிரியலாளர் பார்த்துவிட்டு, இந்த மூலையில் எல்லாமே தவறு என்பார். நண்பருக்குச் சவ்வு என்றால் என்னவென்று தெரியாது. உயிரியலாளருக்கு அந்த நிரலில் எதைத் திருகினால் எது மாறும் என்று தெரியாது. தெரிந்தவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒருவர் நின்றார். ஒவ்வொரு திருத்தமும் அவர் வழியாகத்தான் போய்வர வேண்டியிருந்தது.

ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் ஹம்ப்ரெக்டின் ஆய்வுக் குழு 2011இல் அறிமுகப்படுத்திய இலாஸ்டிக் என்ற இலவச மென்பொருள் அந்த நடு ஆளை விலக்கியது. படத்தைத் திறந்ததும் கையில் ஒரு தூரிகை வரும். சவ்வின்மேல் மஞ்சளில் ஒரு கோடு, சவ்வு அல்லாத இடத்தில் நீலத்தில் ஒரு கோடு. இரண்டு கீற்றுகள் போதும். நேரலை என்ற பொத்தானை அழுத்தினால், திரையில் தெரியும் பகுதி முழுவதையும் மென்பொருள் தன் ஊகப்படி மஞ்சளும் நீலமுமாகப் பூசிக் காட்டும். தவறாகப் பூசிய இடத்தில் உயிரியலாளர் இன்னொரு சிறு கோடு இழுப்பார். பூச்சு உடனே மாறும். இன்னொரு கோடு. மறுபடி மாறும். நிரல் ஒரு வரிகூட எழுதாமல், சில மணி நேரத்தில் தன் படங்களுக்கென்றே ஒரு மாடலை அவர் உருவாக்கிவிடுவார். ஓர் அடுக்கில் கற்றுக்கொடுத்ததை மற்ற படங்கள் எல்லாவற்றின்மீதும் மொத்தமாக ஓடவிடலாம்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் மென்பொருள் ஓர் எண் பட்டியலைத் தயாரிக்கிறது: அங்கே வெளிச்சம் எவ்வளவு, பக்கத்தில் விளிம்பு ஏதும் ஓடுகிறதா, சுற்றிலும் பரப்பு சொரசொரப்பா வழுவழுப்பா. இவற்றையே மிக நெருங்கிய அக்கம்பக்கத்திலும் சற்று அகன்ற வட்டாரத்திலும் தனித்தனியே அளக்கிறது. பிறகு ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற முறை வேலை செய்கிறது. லியோ பிரைமன் 2001இல் வெளியிட்ட முறை அது. நூறு முடிவு மரங்கள், ஒவ்வொன்றும் எடுத்துக்காட்டுகளின் வெவ்வேறு பகுதியைப் பார்த்து வளர்ந்தது, சேர்ந்து வாக்களிக்கின்றன. எண்பது மரங்கள் சவ்வு என்றால் அது பெரும்பாலும் சவ்வு. ஐம்பதுக்கு ஐம்பது என்று பிரிந்தால் மாடலுக்கு அங்கே குழப்பம். இந்தக் குழப்பத்தையும் இலாஸ்டிக் தனிப் படலமாகத் திரையில் காட்டும். அடுத்த கோட்டை எங்கே போடுவது என்று தெரியாமல் தவிக்கும் உயிரியலாளருக்கு அந்தப் படலம் வழிகாட்டி.

அதிநவீன ஆழ்கற்றல் வலைப்பின்னல்கள் பல வேலைகளில் இதைவிடத் துல்லியமானவை. ஆனால் அவற்றுக்கு ஏராளமான குறியிட்ட படங்கள் வேண்டும், பயிற்சிக்கு நேரம் வேண்டும். ரேண்டம் ஃபாரஸ்ட் சில நொடிகளில் பயின்றுவிடும். கோடு போட்டவர் கையெடுப்பதற்குள் விடை வருகிறது என்பதில்தான் இந்த மென்பொருளின் உயிர் இருக்கிறது.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர்கள் அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெர்ரி ஃபெயில்ஸும் டான் ஓல்சனும். 2003இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே 'ஊடாடும் இயந்திரக் கற்றல்'. கேமராவின் முன்னால் கையை அசைத்துக் கணினியை இயக்கும் கருவிகளை வடிவமைப்பவர்களுக்கு, படத்தில் எது கை, எது பின்னணி என்று பிரிக்கும் மாடல் தேவைப்பட்டது. அந்த வடிவமைப்பாளர்கள் இயந்திரக் கற்றல் படித்தவர்கள் அல்லர். அவர்களுக்காக ஃபெயில்ஸும் ஓல்சனும் கிரேயான்ஸ் என்ற கருவியைச் செய்தார்கள். படத்தின்மேல் வண்ணம் பூசு, விடையைப் பார், தவறிய இடத்தில் மறுபடி பூசு.

அதில் அவர்கள் எடுத்த ஒரு முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். அதுவரை இயந்திரக் கற்றல் ஆய்வாளர்கள் எல்லாரும் போட்டிபோட்டது துல்லியத்தில். பயிற்சிக்கு ஓர் இரவு ஆனாலும் பரவாயில்லை, விடை அரை விழுக்காடு கூடினால் போதும். கிரேயான்ஸ் செய்தவர்கள் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருக்கப்போகிறார் என்றால், முதல் விடை சுமாராக இருந்தாலும் கேடில்லை. உடனே வர வேண்டும். கொதிக்கும் குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்க்கிறவருக்கு அடுத்து என்ன செய்வதென்று அந்தக் கணமே தெரிகிறது. அந்தச் சொட்டு மறுநாள் காலையில்தான் நாக்குக்கு வரும் என்றால் எத்தனை பெரிய சமையற்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இங்கிருந்து சிக்கலான பகுதி தொடங்குகிறது. வேகமான விடை, தூரிகை, பெரிய பொத்தான்கள் எல்லாம் வந்துவிட்டால் கருவி எளிதாகிவிட்டது என்று வடிவமைப்பாளர்கள் நம்பிவிடுகிறார்கள். துறை அறியாதவர் உண்மையில் தடுக்கி விழும் இடம் வேறு. கூகுள் 2017இல் வெளியிட்டு, 2019இல் முழுமையாக மாற்றியமைத்த டீச்சபிள் மெஷினை எடுத்துக்கொண்டால் அது பளிச்சென்று தெரியும்.

உலாவியில் ஒரு பக்கம் திறக்கிறது. இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஒரு பெயர் வைக்கலாம். கேமராவின் முன் ஒரு பொருளைக் காட்டிப் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நொடிக்கு இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் மளமளவென்று சேரும். இரண்டாவது பெட்டிக்கு இன்னொரு பொருள். பயிற்சி கொடு என்று ஒரு பொத்தான். அரை நிமிடத்தில் மாடல் தயார். படங்கள் கூகுளின் சேவையகத்துக்குப் போவதில்லை. பயிற்சி முழுவதும் உங்கள் கணினியிலேயே நடக்கிறது. இவ்வளவு சீக்கிரம் முடிவதன் காரணம், மாடல் ஒன்றுமறியாத நிலையிலிருந்து தொடங்குவதில்லை என்பதே. பல லட்சம் படங்களில் ஏற்கெனவே பயின்ற மொபைல்நெட் என்ற வலைப்பின்னல், விளிம்பு, வளைவு, நிறத் திட்டு, பரப்பின் தன்மை ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்த கண்ணாக உள்ளே இருக்கிறது. உங்கள் எடுத்துக்காட்டுகள் அதன் உச்சியில் ஒரு சிறு அடுக்கை மட்டும் பயிற்றுகின்றன. பயிற்சிச் சுற்று 50, தொகுதிக்கு 16, கற்றல் வீதம் 0.001 என்ற எண்கள் எல்லாம் ஒரு மடிப்புக்குள் ஒளிந்திருக்கின்றன. திறந்து பார்க்காமலே வேலை முடிந்துவிடும். பள்ளி ஆசிரியர்களும் ஓவியர்களும் மாணவர்களும் முதன்முதலாக ஒரு மாடலைத் தாங்களே பயிற்றியது இதில்தான். அந்த வகையில் இது அரிய சாதனை.

ஆனால் மடிப்புக்குள் ஒளித்த எண்கள் யாரையும் பெரிதாகத் தடுக்கி விழச் செய்ததில்லை. விழச் செய்வது கண்முன்னே இருக்கும் எண். படங்கள் எத்தனை சேர்ந்தன என்று பெட்டியின் மேல் காட்டும் எண்ணிக்கை அது. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே சுவரின் முன், ஒரே கோப்பையை அசையாமல் பிடித்துக்கொண்டு பத்து நொடி அழுத்தினால் இருநூறு படம் சேர்ந்துவிடும். பார்ப்பவருக்கு நிறைவாக இருக்கும். மாடலுக்கு அது இருநூறு முறை காட்டிய ஒரே படம். அடுத்த பொருளைப் பதிவுசெய்யும்போது அவர் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தால், ஜன்னல் வெளிச்சம் சட்டத்துக்குள் வந்திருந்தால், மாடல் கோப்பையைக் கற்காமல் ஜன்னலைக் கற்றுக்கொள்ளும். அதே நாற்காலியில் சோதித்தால் விடை சரியாகவே வரும். அடுத்த அறைக்கு எடுத்துப் போனால் கவிழும். கவிழ்ந்தது ஏன் என்று பயன்படுத்துபவருக்குத் தெரிய வழியே இல்லை. இன்னும் நூறு படம் சேர்த்தால் சரியாகும் என்று நினைத்து, அதே நாற்காலிக்குத் திரும்பி, மறுபடி பொத்தானை அழுத்துவார்.

நல்ல எடுத்துக்காட்டு எது என்பதுதான் இங்கே நிபுணருக்குத் தெரிந்த, மற்றவருக்குத் தெரியாத ரகசியம். கற்றல் வீதத்தை மறைத்து வைத்துவிடலாம். இதை மறைக்க முடியாது, ஏனென்றால் எடுத்துக்காட்டைத் தருவதே பயன்படுத்துபவரின் வேலை. எளிமையாக்கும் கருவி இந்த இடத்தில்தான் வாய் திறக்க வேண்டும். "நீங்கள் தந்தவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே படம்" என்று சொல்ல அதற்குப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். மொபைல்நெட் தரும் எண் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதும். எண்ணிக்கை காட்டும் இடத்தில் வகைமையைக் காட்டலாம். இருநூறு என்பதற்குப் பதிலாக, மூன்று விதமான காட்சிகள் என்று.

அதே கருவியின் ஒலிப் பகுதியில் இப்படிப்பட்ட நல்ல ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கைதட்டல், விசில் என்று எதைக் கற்றுக்கொடுப்பதானாலும், அறையின் பின்னணி ஓசையை 20 நொடி முதலில் பதிவுசெய்தாக வேண்டும். இல்லாவிட்டால் பயிற்சி தொடங்காது. இரண்டு பெட்டி மட்டும் உள்ள மாடலுக்கு இரண்டும் அல்ல என்று சொல்லத் தெரியாது. எதைக் காட்டினாலும் நூறு விழுக்காட்டை அந்த இரண்டுக்குள்ளேயே பங்கிடும். பூனையும் நாயும் கற்ற மாடலிடம் ஒரு மேசையைக் காட்டினால் அதையும் ஒரு விலங்காக்கி, சில வேளை மிகுந்த உறுதியோடு, விடை சொல்லும். ஒலிப் பகுதி இந்தப் பள்ளத்தைப் பயன்படுத்துபவருக்குத் தெரியாமலே மூடிவிட்டது. படப் பகுதியிலோ வெற்றிடம் என்று ஒரு பெட்டி சேர்க்க வேண்டும் என்பதை அவரவர் அடிபட்டுத்தான் அறிகிறார்கள்.

எடுத்துக்காட்டுத் தருவதே கடினம் என்பதைப் பார்வையற்றவர்களோடு செய்த ஆய்வுகளைப் போல வேறெதுவும் ஆழமாகக் காட்டியதில்லை. 2017இல் ஹெர்னிசா ககோரி, கிரிஸ் கிதானி, ஜெஃப்ரி பிகாம், சியேகோ அசகாவா ஆகியோர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் அசகாவா பதினான்கு வயதில் பார்வையை இழந்தவர், அப்போது ஐபிஎம் நிறுவனத்தின் முன்னணி ஆய்வாளர். அவர்கள் கேட்டது இது: பார்வையற்ற ஒருவர் தம் வீட்டுப் பொருள்களைத் தாமே படமெடுத்து, அவற்றை அடையாளம் சொல்லத் தம் கைபேசிக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா? தொட்டால் ஒரே வடிவில் இருக்கும் டப்பாக்கள் எத்தனையோ. எதில் மிளகு, எதில் சீரகம்? உலகத்துப் பொருள்கள் எல்லாவற்றையும் அறிந்த பொது மாடல், "டப்பா" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். இது என் டப்பா, இதில் இருப்பது இன்னது என்று சொல்ல அவரவர் மாடல்தான் வேண்டும்.

படம் சட்டத்துக்குள் விழுந்ததா என்று எடுப்பவருக்குத் தெரியாது. பொருள் பாதி வெளியே போயிருக்கும். வெளிச்சம் போதாமல் இருக்கும். பின்னால் மேசையில் கிடக்கும் மற்றப் பொருள்கள் கேமராவுக்கு முக்கியமாகப்படும். ஆனாலும் பயிற்றுவது சாத்தியம்தான் என்று அந்த ஆய்வு காட்டியது. பின்னர் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ககோரியின் குழு அருமையான ஒரு வழியைப் பின்தொடர்ந்தது. பார்வையற்றவர் பொருளைக் கையில் பிடித்தோ அதன் பக்கத்தில் கை வைத்தோதான் பெரும்பாலும் படமெடுக்கிறார். அப்படியானால் படத்தில் கை எங்கே என்று முதலில் தேடி, கைக்கு அருகில் இருப்பதையே பொருளாக எடுத்துக்கொள்ளலாமே. வழக்கமான கணினிப் பார்வையில் கை ஓர் இடைஞ்சல். இங்கே பயன்படுத்துபவரின் இயல்பான பழக்கத்திலிருந்தே குறிப்பை எடுத்துக்கொண்டார்கள். இப்படி எடுக்காதீர்கள், அப்படி எடுங்கள் என்று பாடம் நடத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

லண்டன் சிட்டி பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆர்பிட் தொகுப்பு அடுத்த படி. பார்வையற்றவர்களும் பார்வைக் குறைவு உள்ளவர்களும் தங்கள் கைபேசியில் தாங்களே பதிவுசெய்த 3,822 காணொளிகள், 486 பொருள்கள். சாவிக்கொத்து, முகக்கவசம், வழிகாட்டும் வெள்ளைக்கோல், செவிப்பொறி என்று அன்றாடம் தேடித் தவிக்கும் பொருள்கள். அந்தக் காணொளிகள் ஆடும், மங்கும், பொருளை விட்டு நகரும். ஆய்வகத்தில் அழகாக எடுத்த படங்களில் சிறப்பாகச் செயல்பட்ட வழிமுறைகள் இவற்றில் திணறின. சீயிங் ஏஐ என்ற செயலியில் இன்று இருக்கும் பொருள் தேடும் வசதி இந்தப் பாதையில் வந்ததே. பொருளைச் சில குறுங்காணொளிகளாகப் பதிவுசெய்தால் போதும். பிறகு அந்தப் பொருளை நோக்கிக் கைபேசியைத் திருப்பும்போது ஒலியும் அதிர்வும் வழிகாட்டும். காணொளிகளைப் பின்னணியை மாற்றி எடுக்கச் சொல்லிக் கருவியே கேட்கிறது. நாற்காலியும் ஜன்னலும் செய்த கோளாற்றுக்கு எதிரான தடுப்பு இங்கே பயன்படுத்தும் முறைக்குள்ளேயே பின்னப்பட்டிருக்கிறது. பயிற்சித் தரவின் பன்மை என்றெல்லாம் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. கற்றுக்கொடுப்பவர் மனிதர். இயந்திரம் கேட்கும் வடிவத்தில் அளந்து அளந்து விடை தருவது அவர் இயல்பல்ல. எம்ஐடியில் ஆண்ட்ரியா தாமஸும் சிந்தியா பிரேசீலும் சோஃபியின் சமையலறை என்று ஒரு கணினி விளையாட்டைச் செய்தார்கள். சோஃபி என்ற கற்பனை ரோபோ கேக் செய்யக் கற்க வேண்டும். நல்லது செய்தால் பாராட்டு, தவறினால் கண்டிப்பு, அவ்வளவுதான் பயிற்சி. வழிமுறையின் பார்வையில் பாராட்டு என்பது நடந்து முடிந்த செயலுக்கான மதிப்பெண். மனிதர்களோ அதை வேறுவிதமாகப் பயன்படுத்தினார்கள். சோஃபி கிண்ணத்தை எடுப்பதற்கு முன்பே கிண்ணத்துக்குப் பாராட்டு கொடுத்தார்கள். "அதை எடு, அதை எடு" என்று ஊக்கப்படுத்துவது அவர்கள் நோக்கம். பாராட்டும் கண்டிப்பும் சம அளவில் வரவும் இல்லை, பாராட்டே மிகுதி. ஆய்வாளர்கள் ஆட்களைத் திருத்த முயலவில்லை. வழிகாட்டுவதற்கு என்று தனியாக ஒரு பாதையைச் சேர்த்தார்கள். சோஃபி விரைவாகக் கற்றது.

மாடல் தனக்குச் சந்தேகமானதை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேள்வி கேட்டால் குறைந்த எடுத்துக்காட்டுகளிலேயே கற்றுவிடும் என்பது தாளில் பார்க்க மிக நல்ல யோசனை. மாயா சாக்மக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை ஜார்ஜியா டெக்கில் சைமன் என்ற ரோபோவோடு சோதித்தார்கள். இடைவிடாமல் கேள்வி கேட்கும் ரோபோவோடு இருப்பது ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. எப்போது கேட்கலாம் என்பதில் தங்களுக்கும் ஒரு பிடி இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். சரிதானே. ஆம், இல்லை என்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பது கற்றுக்கொடுப்பது ஆகாது.

மனம் மாறுவதும் மனித இயல்பு. சமையல் பற்றிய வலைப்பக்கங்களைப் பிரி என்று ஒருவரிடம் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் இருபது பக்கம் தெளிவாகப் போகும். பிறகு ஒன்று வரும்: மிக்ஸி விற்கும் கடையின் பக்கம். சமையலா, வணிகமா? அப்போதைக்கு இல்லை என்று வைப்பார். நூறு பக்கம் தாண்டி, செய்முறையோடு மிக்ஸி விற்கும் பக்கம் வந்ததும் ஆம் என்று வைப்பார். பழைய விடை பழையபடியே கிடக்கும். இப்போது அவருடைய எடுத்துக்காட்டுகள் ஒன்றையொன்று மறுக்கின்றன, அது அவருக்கே தெரியாது. டாட் குலேசாவும் சலீமா அமர்ஷியும் உள்ளிட்ட குழு 2014இல் இதற்கு ஒரு வழி செய்தது. ஆம், இல்லை என்பவற்றோடு 'இருக்கலாம்' என்றும் ஓர் இடம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒத்தவற்றைத் தனிக் குவியலாக வைக்கலாம். மிக்ஸிக் கடைகள் எல்லாம் ஒரு குவியலில் இருந்தால், பின்னால் மனம் மாறும்போது குவியலை அப்படியே தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம். விடைகளின் ஒத்திசைவு கூடியது. குழப்பத்தைப் பிழையாக எண்ணாமல், ஒருவர் தம் கருத்தைக் கண்டடையும் வழி என்று மதித்த வடிவமைப்பு இது.

மாடல் தான் ஏன் அப்படி முடிவெடுத்தது என்று சொன்னால், திருத்துவது இன்னும் எளிது. குலேசாவும் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்கரெட் பர்னெட்டும் மற்றவர்களும் 2015இல் செய்த எலுசிடீபக் என்ற முன்மாதிரி, செய்திகளை ஐஸ் ஹாக்கி, பேஸ்பால் என்று இரண்டாகப் பிரிக்கும். ஒவ்வொரு முடிவுக்கும் எந்தச் சொல் எவ்வளவு எடை கொடுத்தது என்று பட்டைகளாகக் காட்டும். பயன்படுத்துபவர் அந்தப் பட்டையைப் பிடித்து மேலும் கீழும் இழுக்கலாம். இந்த முன்மாதிரியைப் பயன்படுத்தியவர்களிடம் மாடலைப் பற்றிய புரிதல் 52 விழுக்காடு கூடியது. தவறுகளைத் திருத்தும் திறனும் இரு மடங்குவரை உயர்ந்தது. அவர்கள் யாரும் நிகழ்தகவுக் கணக்குப் படிக்கவில்லை. தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விளையாட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

இனி மிகக் கடினமான கேள்வி. மாடல் கற்றுவிட்டது என்று எப்படி அறிவது?

நிபுணர்கள் இதற்கு ஓர் எண்ணை வைத்திருக்கிறார்கள், துல்லிய விழுக்காடு. எடுத்துக்காட்டுகளில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்து, அவற்றில் எத்தனைக்குச் சரியான விடை வந்தது என்று பார்ப்பது. கியான் யாங்கும் ஜினா சூவும் உள்ளிட்ட குழு 2018இல், தங்கள் தேவைக்காகத் தாங்களே மாடல் கட்டிய, துறை சாராத பலரைக் கண்டு பேசியது. பலர் அந்த ஒரே எண்ணை நம்பினார்கள். எண் உயர்ந்திருந்தால் மாடல் நல்லது. ஒதுக்கிவைத்த படங்களும் அதே நாற்காலியில் எடுத்தவை என்றால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை என்பது எண்ணில் எழுதியிருக்காது.

இசைக்கலைஞர்கள் வேறு வழியில் போனார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ஃபீப்ரிங்க் 2009இல் வெளியிட்ட வெக்கினேட்டர், உடலசைவை ஒலியாக மாற்றக் கற்கும் மென்பொருள். நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகம் உருவாக்கிய வேகா என்ற இயந்திரக் கற்றல் தொகுப்பின்மேல் கட்டியது; பெயரும் அங்கிருந்து வந்தது. கையை இங்கே வைத்தால் இந்த ஒலி, அங்கே வைத்தால் அந்த ஒலி என்று சில எடுத்துக்காட்டுகள் தந்தால், இடைப்பட்ட நிலைகளுக்கான ஒலிகளை மாடல் தானே நிரப்பிக்கொள்ளும். ஃபீப்ரிங்க் கவனித்தது, இசையமைப்பாளர்கள் மாடலை மதிப்பிட்ட விதத்தை. அவர்கள் அதை வாசித்துப் பார்த்தார்கள். எந்த அசைவில் தவறினால் கச்சேரியே கெடும், எந்த அசைவில் தவறினால் பாதகமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். விழுக்காடு எல்லாத் தவற்றையும் ஒரே தட்டில் வைக்கும். சில வேளை, அவர்கள் எதிர்பாராத ஒலியைத் தந்த மாடலே அவர்களுக்கு மிகவும் பிடித்தது. உணர்வான்கள் பொருத்திய வில்லோடு வாசித்த ஒரு செல்லோக் கலைஞர், தம் வில்வீச்சுகளை மாடல் குழப்பிக்கொள்வதைக் கண்டு, தம் வாசிப்பிலேயே தெளிவு குறைந்த இடத்தை உணர்ந்து அதைச் சீர்செய்தார். கற்றுக்கொடுக்கப் போனவர் கற்றுக்கொண்டும் வந்தார்.

ஆக, துறை அறியாதவருக்கு மதிப்பிடத் தெரியாது என்பதை என்னால் ஏற்க முடியாது. எங்கே சோதிக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் சோதித்ததைக் கருவி நினைவில் வைப்பதில்லை என்பதுதான் குறை. கைபேசியை அடுத்த அறைக்கு எடுத்துப் போய் ஒரு முறை பார்த்தார், தவறியது. திரும்பி வந்து திருத்தினார். முதல் அறையில் சரியாக இருந்தது இப்போதும் சரியாக இருக்கிறதா? யாரும் பார்ப்பதில்லை.

பெரிய மொழி மாடல்கள் வந்த பிறகு இந்தக் குறை இன்னும் கூர்மையாகிவிட்டது. இன்று பலர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது தூரிகையால் அல்ல, சாதாரண வாக்கியங்களால். இதைவிட எளிய கருவி இருக்க முடியாது என்று தோன்றும். 2023இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும், மேலே சொன்ன அதே கியான் யாங்கும் சேர்ந்து, துறை சாராதவர்களிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். சமையல் குறிப்பைப் படிப்படியாகச் சொல்லும் உரையாடல் நிரலை, கட்டளை வாக்கியங்களை மட்டும் எழுதிச் செம்மைப்படுத்த வேண்டும். அவர்கள் ஒரு கட்டளை எழுதுவார்கள், ஒரு முறை பேசிப் பார்ப்பார்கள். சரியாக வந்தால் தீர்ந்தது என்று நகர்வார்கள். தவறினால் மாடலால் இது முடியாது என்று கைவிடுவார்கள். ஒரே ஒரு வெற்றியிலும் ஒரே ஒரு தோல்வியிலும் முழு முடிவு. மனிதரிடம் பேசுவதுபோல் பணிவாகக் கேட்டார்கள். இப்படிப் பேசு என்று மாதிரி உரையாடலைக் கொடுக்கத் தயங்கினார்கள். எடுத்துக்காட்டால் கற்பிப்பதுதான் இந்தத் துறையின் தொடக்கமே என்பதை எண்ணும்போது இது வியப்பாக இருக்கிறது. சொற்களால் சொல்ல முடிகிறது என்று ஆனதும் காட்டுவதை விட்டுவிடுகிறோம்.

அந்த ஆய்வுக்கென்று செய்த கருவியில், கட்டளையை மாற்றியதும் பழைய உரையாடல்கள் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் பார்க்கும் வசதி இருந்தது. பங்கேற்றவர்கள் அதைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. பொத்தான் வைத்தால் போதாது என்று இதிலிருந்து தெரிகிறது. 2018 ஆய்வின் முடிவில் யாங்கின் குழு முன்வைத்த வழி, சோதனையை முன்னால் வைத்துக் கற்பிப்பது. பயிற்சி தொடங்குமுன்பே, மாடல் எதையெல்லாம் சரியாகச் சொன்னால் உங்களுக்கு நிறைவு என்று கருவி கேட்க வேண்டும். பத்து விடயம் போதும். உயிரியலாளர் அழுக்குப் படிந்த ஒரு படத்தையும் மங்கலான இரண்டு படங்களையும் எடுத்து வைப்பார். பார்வையற்றவர் தம் சமையலறையிலும் வேலையிடத்திலும் எடுத்த காணொளிகளை வைப்பார். அதன் பிறகு ஒவ்வொரு தூரிகைக் கோட்டுக்கும், ஒவ்வொரு புது வாக்கியத்துக்கும் அந்தப் பத்தும் தாமாகவே ஓடி, எது சரியிலிருந்து தவறானது என்று திரையின் ஓரத்தில் தெரிய வேண்டும். இலாஸ்டிக் ஒரே படத்துக்குள் பல ஆண்டுகளாகச் செய்துவருவது இதைத்தான். அதையே பல படங்களுக்கும், வாக்கியங்களுக்கும், உரையாடல்களுக்கும் விரித்துச் செய்யப் புதுக் கணிதம் எதுவும் தேவையில்லை.